தரையைத் தொடத் தடை

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தனியார் சொகுசுப் பேருந்துகளின் கண்ணாடியில் 'ஏர் பஸ்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கின, அவ்வளவுதான். பெரும்பாலான பயணிகளுக்கு ஏர் சஸ்பென்ஷன் அறிமுகமானது இப்படித்தான்.

திருவனந்தபுரத்துக்காரர்கள் இதன் இன்னொரு வித்தையையும் பார்த்தார்கள். ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் வந்த தாழ்தள வோல்வோ பேருந்துகளுக்கு, நிறுத்தத்தில் பையிலுள்ள காற்றைக் கொஞ்சம் இறக்கி உடலைச் சாய்த்துக் கொடுக்கும் வசதி உண்டு. படியேற முடியாத முதியவரும் ஏறலாம். கிளம்பும்போது காற்று நிரம்பி வண்டி நிமிர்ந்துகொள்ளும். கரமனைப் பாலத்தைத் தாண்டி நாகர்கோவில் சாலையில் சற்றுத் தூரம் போனால் பாப்பனங்கோடு. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பட்டறை அங்கேதான் இருக்கிறது.

அதே கரமனையில் ஒருவர் தன் பழைய பிக்கப் வண்டிக்கு இந்தக் காற்றுப் பைகளைப் பொருத்தித் தாழ்த்த விரும்பினால்? கம்பெனி பொருத்தியது வசதி. பட்டறையில் பொருத்தியது குற்றம்.

பழைய பிக்கப்புகளைத் தாழ்த்தும் மோகம் அமெரிக்காவில் தொடங்கியது. 1953இல் வந்த ஃபோர்டு எஃப்-250 போன்ற கனரக பிக்கப்புகள் மூட்டை சுமக்கப் பிறந்தவை. விறைப்பான ஸ்பிரிங், தடித்த அச்சு, உயர்ந்த நிலை. சுமை இல்லாமல் ஓட்டினால் முதுகெலும்பு பேசும். அப்படிப்பட்ட வண்டியைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, வேண்டும்போது ஒரு பொத்தானில் எழுப்புவதுதான் அழகு என்று ஒரு கூட்டம் நினைக்கிறது. ரசனையைப் பற்றிச் சண்டை போட முடியாது. ஆனால் வேலையைப் பற்றிப் பேசலாம்; அங்கேதான் விஷயம் இருக்கிறது.

லாரியின் லீஃப் ஸ்பிரிங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் இந்தக் கட்டு ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. பாரத்தைத் தாங்குகிறது, பின் அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்தும் வைக்கிறது. காற்றுப் பைக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும். பட்டைகளைக் கழற்றிவிட்டுப் பையை மட்டும் வைத்தால் அச்சுக்குப் பிடிமானமே கிடையாது. பிரேக் அடித்தால் முறுக்கிக்கொள்ளும், வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கும். எனவே அச்சைச் சேஸிஸோடு இணைக்க நான்கு இணைப்புக் கம்பிகள் வேண்டும். அவற்றை நேராக அமைத்தால் பக்கவாட்டு அசைவைத் தடுக்கக் குறுக்கே இன்னொரு கம்பியும் வேண்டும். ஒவ்வொன்றின் நுனியிலும் புஷ், ஒவ்வொன்றுக்கும் வெல்டிங் செய்த பிராக்கெட். அந்த வெல்டிங்கில் ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அத்தோடு முடியவில்லை. வண்டி இறங்கும்போது பின் அச்சு சேஸிஸின் அடிப்பாகத்தில் முட்டும். அதற்கு இடம்விட, சேஸிஸ் சட்டத்தை அந்த இடத்தில் வளைவாக வெட்டி, வெட்டிய இடத்துக்குத் தடித்த தகடு கொடுத்துப் பலப்படுத்த வேண்டும். வண்டியின் முதுகெலும்பில் செய்யும் அறுவைச் சிகிச்சை இது. புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறும். கவனிக்காவிட்டால் அதிர்வு வந்து ஜாயின்ட் தேயும். பிரேக் குழாய்கள் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் போதுமான நீளத்தில் இருக்க வேண்டும். சக்கரங்களின் அலைன்மென்ட், முகப்பு விளக்கின் குறி எல்லாம் ஓடும் உயரத்தில் வைத்துச் சரிபார்க்கப்பட வேண்டும். கம்ப்ரஸர், காற்றுத் தொட்டி, வால்வுகள் இருந்த இடம் தெரியாமல் உட்கார வேண்டும். ஒரு பை வெடித்தாலும் வண்டி நிற்கும்வரை ஸ்டியரிங் கைக்குள் இருக்க வேண்டும். நல்ல கைக்கு இது முடியும் காரியம். எந்தக் கை நல்ல கை என்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

சட்டம் அந்தக் கேள்விக்கே போவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருள் மாற்றத்துக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கேற்ப வண்டியை அமைப்பதற்கும் வழி உண்டு. இதை அழுத்தமாக உறுதிசெய்த வழக்கும் கேரளத்திலிருந்து போனதுதான். மாநில விதிகளின்படி கட்டமைப்பு மாற்றத்துக்கு இடமுண்டு என்று கருதிய கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தம் தண்டனையையும் கூட்டியது: உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அதிகாரிகளின் கடுமையைக் குறை சொல்வது எளிது. 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் மாணவர்கள். அதன்பின் உயர் நீதிமன்றமே விதிமீறி மாற்றிய வாகனங்கள்மீது நடவடிக்கை கேட்டது. 2024இல் ஆலப்புழை மாவட்டத்தில் ஒரு யூடியூபர் காருக்குள்ளேயே நீச்சல் குளம் அமைத்துச் சாலையில் ஓட்டினார். இப்படிப்பட்டவர்களைத் துரத்தும் ஆய்வாளருக்கு, நாலு கம்பிகளை அளந்து பொருத்திய மெக்கானிக்கும் அதே வரிசையில்தான் தெரிவார்.

ஆனாலும் வேறு நாடுகள் வேறு வழி கண்டிருக்கின்றன. கலிஃபோர்னியா 1950களின் பிற்பகுதியில், வண்டியின் எந்தப் பாகமும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1959இல் ரான் அகிரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார்: போலீஸ் வந்தால் கார் உயரும், போனால் தாழும்! 2024 ஜனவரி முதல் அந்தத் தடையையே அந்த மாநிலம் எடுத்துவிட்டது. ஜெர்மனியின் முறை இன்னும் சுவையானது. அங்கே சஸ்பென்ஷனை மாற்றியவர் வண்டியை டியூவ் போன்ற சோதனை அமைப்பிடம் கொண்டுபோக வேண்டும். பொறியாளர் பொருத்தியிருக்கும் விதத்தைப் பார்ப்பார், சக்கரம் உடலில் உரசுகிறதா என்று பார்ப்பார், திருப்தியானால் மாற்றம் வண்டியின் ஆவணத்தில் ஏறும். திருப்தியில்லையென்றால் பழையபடி மாற்றிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இந்தியாவில் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒப்புதல் முறை, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வண்டி செய்யும் கம்பெனிகளுக்கானது. ஒற்றை வண்டியோடு வாசலில் நிற்கும் கரமனைக்காரருக்கு அங்கே ஜன்னல் இல்லை. சோதிக்க ஆள் இல்லாததால் நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே மாதிரி ஒளிந்து நடக்கின்றன. ஒளிந்து நடக்கும் வேலையில் வெல்டிங்கை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் அது காரணமாகலாம். தடை நோக்கமாகக் கொண்ட பாதுகாப்புக்கே இதில் நஷ்டம்.

பழைய பிக்கப்பை நேசிப்பவருக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு ஒன்றுதான். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, 50 வயதைத் தாண்டிய சொந்த உபயோக வண்டியை 20,000 ரூபாய் கட்டிப் புதிதாகப் பதிவு செய்யலாம். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் வெளியே எடுக்கலாம். தினசரி உபயோகம் கூடாது. சேஸிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் மாற்றம் கூடாது. அதாவது அந்த முரட்டுப் பட்டைகள் பிறந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பேரணிக்குப் போகிற வழியில், பத்து சென்டிமீட்டர் உயர வேகத்தடை ஒவ்வொன்றிலும் முதுகு அதை ஞாபகப்படுத்தும்.