மர்யமின் பெயரில் ஒரு வீடு, கேற்றடியில் நாம்



கொஞ்ச நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயம். நீளமாக இருந்தாலும் பொறுமையாக வாசியுங்கள்.

என் வகுப்பில் படிக்கும் ஒரு கத்தோலிக்கப் பிள்ளையின் தாய் காலமானார். அடக்கத்துக்கு முந்திய திருப்பலி, நமது திருகோணமலை மரியாள் பேராலயத்தில். வகுப்போடு போனோம். மற்றப் பிள்ளைகள் உள்ளே போக, எங்கட பிள்ளைகள் ஏழு பேர் கேற்றடியில் நின்றுவிட்டார்கள். "சேர், உள்ளுக்குப் போனா பாவமா?" என்று ஒருவன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நானும் அவர்களோடு நின்றேன். பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்த அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த நீல நிற முகப்பைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். 1852இல் கட்டப்பட்ட கோயில் அது. 1893இலிருந்து நமது ஊர் ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடம். அதற்கு முன் ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டிருந்தது. ஒளித்து மறைந்து தொழுதவர்களின் பிள்ளைகள்தான் அவர்கள். பயத்தோடு வணங்குவது என்னவென்று அவர்களுக்கும் தெரியும்.

அந்தக் கோயிலால் பயனடைந்தவர்கள் கத்தோலிக்கர் மட்டுமா? 1867இல் திருச்சபை தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரியில் படித்துத்தான் எனது வாப்பா உத்தியோகத்துக்குப் போனார். சுனாமி நேரத்திலும் யுத்த காலத்திலும் உதவி கொண்டுவந்த குருமாரும் கன்னியாஸ்திரிகளும் யார் எந்த மார்க்கம் என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும், உயிர்த்த ஞாயிறு தொழுகையில் இருந்தவர்களை நமது பெயர்களைச் சுமந்தவர்கள் கொன்றார்கள். அந்த நாளில் போன உயிர்கள் 250க்கும் மேல். அவர்கள் செய்ததற்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று அன்று எல்லோரும் சொன்னோம். உண்மைதான். ஆனால் சொன்னது போதுமா? அதன் பிறகு நாம் கோயில் பக்கம் போவதே குறைந்துவிட்டது. வெட்கத்தாலோ பயத்தாலோ ஒதுங்கினோம். அந்த ஒதுக்கம் இப்போது பிள்ளைகளுக்கு மார்க்கமாகத் தெரிகிறது.

2020இல் நமது ஜனாஸாக்களை எரித்தபோது, அடக்கம் செய்ய விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களும் அதே சாம்பலைத்தான் வாங்கினார்கள். அதையும் மறக்கக் கூடாது.

நான் ஃபத்வா சொல்ல வரவில்லை. கோயிலுக்குள் போவதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வழிபாட்டில் கலந்துகொள்வது வேறு, துக்கத்தில் பக்கத்தில் இருப்பது வேறு. ஜெரூசலத்தில் உமர் (ரழி) அவர்களைக் கோயிலுக்குள்ளேயே தொழும்படி அழைத்தபோது, வெளியே வந்து தொழுதார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பின்னால் வருபவர்கள் அதைக் காரணம் காட்டிக் கோயிலைப் பறித்துவிடக் கூடாது என்பதற்காக. அவர்கள் வெளியே நின்றது அந்தக் கோயிலைக் காப்பாற்ற. நாம் வெளியே நின்றது எதற்காக?

பேராலயத்தின் பெயரில் இருப்பவர் நமக்கும் அந்நியரல்ல. குர்ஆனில் ஒரு சூராவுக்கே பெயரான மர்யம் (அலை) அவர்கள்.

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தகப்பன் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வெளியில நின்டதா மகன் சொன்னான் சேர். நல்ல வெயிலா இருந்திருக்குமே." எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். வருகிற உயிர்த்த ஞாயிறன்று ஆயர் இல்லத்துக்கு நாலு பேராவது போய் ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். நமது பள்ளிக்கும் அவர்களை ஒரு நாள் அழையுங்கள். பெற்றோரே, கூட்டாளியின் வீட்டில் மையித்து என்றால் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

அந்த ஏழு பேருக்கும் நான் சொன்ன பதில் இதுதான்: "அடுத்த முறை கடைசி வாங்கில் நானும் உங்களோடு இருப்பேன்."

வஸ்ஸலாம்.