சூதாடு மேசையும் சபை ஒழுங்கும்

கல்லூரியின் பெருமையையும் ஆசிரியர்தம் அருமையையும் பேசவேண்டிய மலரிலே, சூதாட்ட மேசைக்கு இடம் யாது என அன்பர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். அவர்தம் ஐயம் நியாயமானதே. ஆயினும், தீயதெனத் தள்ளப்பட்ட ஓரிடத்திலே நல்லதோர் ஒழுங்கு பேணப்படுமாயின், அதனை அறிந்துகொள்வதனால் கற்றோர்க்கு இழுக்கு நேராது. அவ்வொழுங்கு நல்லோர் கூடும் சபைகளில் அருகிவருமாயின், அதனை எடுத்துரைத்தல் கடமையுமாகும்.

சூதாட்ட மண்டபம் எமக்கு எட்டாத தூரத்துப் பொருளன்று. 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் இத்தொழிலை ஒழுங்குபடுத்த எழுந்தது. 2025ஆம் ஆண்டிலே கொழும்பு மாநகரில் ‘சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ்’ என்னும் மாபெரும் விடுதியின் சூதாட்டக் கூடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இத்துறையை மேற்பார்வை செய்ய அதிகாரசபையொன்றை நிறுவும் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இத்தகைய கூடங்களிலே சீட்டுப் பகிர்வதும் ஒரு தொழிலாதலின், வேலை தேடித் தலைநகர் செல்லும் எம்மிளைஞர் செவியில் அதன் பெயர் விழாதிருத்தல் அரிது.

பழம்பெயரால் கரைவாகுப்பற்று எனப்படும் இக்கல்முனைக் கடலோரத்திலே இந்துக்களும் இஸ்லாமியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றோம். கருத்து வேறுபாடுகள் எமக்குள் பல உண்டு. சூதைப் பற்றியோ வேறுபாடில்லை. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் சூதினை 94ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயத்து 90ஆம் வசனமும் மதுவையும் சூதையும் ஒருங்கே விலக்குகின்றது. இரு மரபும் விலக்கியதை நாம் பரிந்துரைக்க வரவில்லை. அம்மேசையில் ஆடுவோரை விடுத்து, அதனை நடத்தும் முறையையே ஈண்டு ஆராய்கின்றோம்.

போக்கர் என்னும் சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்வோம். மண்டபத்து ஏனைய ஆட்டங்களில் ஆடுவோர் மண்டபத்தாரோடு பொருதுவர். போக்கரிலோ தம்முள்ளேயே பொருதுவர். சீட்டுப் பகிர்வோர் மண்டபத்தின் ஊழியர்; ஆட்டத்தின் வெற்றி தோல்வியில் அவருக்குப் பங்கில்லை. புதிய கட்டைப் பிரித்ததும் 52 சீட்டுகளையும் முகம் மேலாக விரித்து எல்லோரும் காண வைப்பார். பின்னர் அவற்றைக் கவிழ்த்துப் பரப்பி, இரு கைகளாலும் அளைந்து, ஒன்றுசேர்த்து, மீண்டும் மீண்டும் கலைத்து, வெட்டி, அடிச்சீட்டு எவர் கண்ணிலும் படாவண்ணம் அதன்கீழ் வெற்றட்டையொன்றை வைப்பார். அதன் பின்னரே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகப் பகிர்வார்.

பெரிதும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் என்னும் வகையிலே, ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். பொதுச் சீட்டுகள் ஐந்து முதலில் 3, பின்னர் 1, இறுதியில் 1 என மேசை நடுவே திறக்கப்படும். ஒவ்வொரு முறையும் திறக்குமுன் கட்டின் மேற்சீட்டு ஒன்று திறவாமலே ஒதுக்கப்படும். இதன் காரணம் சிந்திக்கத்தக்கது. மேற்சீட்டின் முதுகிலே எவரேனும் கள்ளக்குறி இட்டிருப்பின், அடுத்து வருவது இன்னதென அவர் முன்னரே அறிந்துவிடுவார். அச்சீட்டு ஒதுக்கப்படவே அவ்வறிவு பயனற்றுப் போகின்றது. கள்வன் இன்னான் எனத் தேடிப் பிடிக்குமுன் களவிற்கே வழி அடைபட்டுவிடுகின்றது.

இறுதியாகப் பேசுவோர்க்குப் பிறர் கருத்தை அறிந்து முடிவுசெய்யும் நன்மை உண்டு. அந்நன்மை ஒருவரிடமே தங்காதிருக்க, வட்டக் குறியொன்று ஆட்டந்தோறும் ஒருவர் இடமாக இடப்புறம் நகர்ந்து செல்லும். பகிர்வோர் தம் முறை முடிந்து எழும்போது, இரு கைகளையும் விரித்து உள்ளும் புறமும் காட்டிய பின்னரே அகல்வார். அவரை எவரும் ஐயுறாத நாளிலும் இது நடைபெறும்.

ஆடுவோர்க்கும் ஒழுக்கம் வகுக்கப்பட்டுள்ளது. தம் முறை வருமுன் எவரும் பேசலாகாது. முறை வந்தபோது வாயாற் சொன்ன சொல் கட்டுப்படுத்தும். அதனைப் பின்வாங்க இயலாது. பணத்துக்கு ஈடான சில்லுகளைச் சிறிது வைத்து, எதிரியின் முகத்தைப் பார்த்து, மேலும் சிறிது வைத்தல் தவறு. பந்தயக் குவியலின்மீது சில்லுகளை வீசுதலும் ஆகாது. வீசினால் எண்ண முடியாது. பெருமதிப்புச் சில்லுகளை மறைத்து வைத்தலும் ஆகாது. தம்மோடு பொருதுபவர் எவ்வளவு வைத்திருக்கின்றார் என்பது எதிரிக்குத் தெரிதல் வேண்டும். முடிவில் சீட்டுகளைத் திறந்து வைத்தபின் அவையே சாட்சி. உடையவர் தம் சீட்டைத் தவறாக வாசித்தாலும் வென்ற சீட்டு வென்றதே. வென்றவர் வேண்டுமென்றே தாமதித்துச் சீட்டைக் காட்டித் தோற்றவரை வருத்துதல் சிறுமையெனக் கருதப்படும். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றிய போக்கர்ப் போட்டி நெறியாளர் சங்கத்தின் விதிகளுள், ஆட்டத்தின் நலனும் நேர்மையுமே தலையாயவை என்பது முதல் விதியாக நிற்கின்றது. விதியின் எழுத்து நேர்மைக்கு மாறாகும் அரிய வேளையில் நேர்மையே வெல்லும்.

இவை எமக்கு முற்றிலும் புதியனவல்ல. பணம் வையாது எம் நாட்டுத் தமிழர் வீட்டு விறாந்தைகளில் ஆடும் முந்நூற்றுநான்கு என்னும் ஆட்டத்தை யாரே அறியார்? 32 சீட்டுகள், நால்வர் இரு பக்கமாவர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 எனக் கூட்டினால் ஓரினத்திற்கு 76, நான்கினத்திற்கும் 304. முதல் நான்கு சீட்டுகளைக் கொண்டே கேள்வி கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும்; எஞ்சிய நான்கும் அதன்பின்னரே வரும். எதிரே இருக்கும் துணைவருக்குக் கண்ணாற் குறிப்புக் காட்டுதலும் கள்ளமெனப்படும். காசில்லாத இடத்திலும் முறை தவறியவரை முதியோர் பொறுத்துக்கொள்வதில்லை.

முறை தவறிய மேசையின் விளைவை இவ்வூரார் ஆண்டுதோறும் கண்முன்னே காண்கின்றனர். கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் ஆலயத்தின் 18 நாள் விழா பாரதக் கதையைச் சடங்காக நிகழ்த்தித் தீமிதிப்போடு நிறைவெய்துகின்றது. அத்தீயின் மூலம் அத்தினாபுரத்துச் சூதாடு சபையிலே உள்ளது. அச்சபையை இன்றைய மேசை விதிகளைக் கொண்டு நோக்குக.

ஒருவர் சீட்டை ஒருவரே ஆடவேண்டும் என்பது போக்கர் மேசையின் விதி. அச்சபையிலோ பந்தயம் வைத்தவன் துரியோதனன். காயை உருட்டியவன் சகுனி. ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுதல் முறையன்று எனத் தருமன் கூறினான், கூறியும் ஆடினான். ஆட்டம் தொடங்கியபோது மேசைமீது இருந்ததையன்றி வேறெதனையும் நடுவிற் கொணர்ந்து வைக்கலாகாது என்பது மற்றொரு விதி. தருமனோ நாட்டையும், தம்பியரையும், தன்னையும், இறுதியில் பாஞ்சாலியையும் வைத்தான். தன்னையே தோற்றவனுக்கு என்னை வைக்க உரிமை ஏது என அவள் வினவியது, இவ்விதி மீறப்பட்டமை குறித்த முறையீடேயன்றோ? ஆட்டத்தில் பங்கில்லாதவரே நடுவராதல் வேண்டும் என்பது மூன்றாவது. அங்கே சபைக்குத் தலைவனாய் வீற்றிருந்தவன் வெல்பவனின் தந்தை.

நான்காவது ஒன்றுண்டு, அதுவே எம் நெஞ்சைத் தொடுவது. பந்தயத் தொகையை வழங்குவதில் பிழை நேர்வதைக் கண்டவர், அவர் ஆட்டத்தில் இல்லாதவராயினும், அதனை எடுத்துச் சொல்லுதல் அவர் கடன் என்பது போக்கர் மேசையின் நெறி. அத்தினாபுரத்திலே வீடுமர் இருந்தார், துரோணர் இருந்தார், தருமம் நுட்பமானது என்று கூறி விடையிறுக்காதிருந்தார் பெரியவர். கௌரவ உடன்பிறந்தாருள் எழுந்து நின்று பிழையைப் பிழையென்றவன் இளையவனாகிய விகர்ணன் ஒருவனே. அவனையும் கர்ணன் அதட்டி அமர்த்தினான்.

அங்ஙனமாயின் ஒழுங்காக நடத்தப்படும் சூது நல்லதாகுமோ எனின், ஆகாது. போக்கரில் மண்டபம் ஒவ்வோர் ஆட்டத்தின் பந்தயத் தொகையிலிருந்தோ, இருக்கும் நேரத்துக்கென்றோ தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே, பத்துப்பேர் இரவெல்லாம் நேர்மையாக ஆடினும், விடியும்போது பதின்மர் பணத்தையும் கூட்டினால் அது கொண்டுவந்ததிற் குறைவாகவே இருக்கும். பகிர்வு தூயது, விளைவு தேய்வு. முறை நேரியதாய் இருத்தல் பொருளை அறமாக்காது. அத்தொழிலை ஏற்பதா என வினவும் இளைஞர் தத்தம் நெறிநூலையும் பெற்றோரையும் கேட்டு முடிவு செய்வாராக. வயிற்றுப்பாட்டுக்கு அங்கு நிற்போரை இகழ்தல் எமக்கு அழகன்று.

எம் கவலை வேறு. அறமல்லாத செயலுக்கு இத்துணை ஒழுங்கு வேண்டப்படுமாயின், அறச் செயல்களுக்கு எத்துணை வேண்டும்! ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், கூட்டுறவுச் சங்கம், பழைய மாணவர் சங்கம் யாவும் மக்கள் பணத்தைக் கையாளுவன. அங்கே கணக்கைக் கேட்டால், எங்களை நம்பவில்லையோ என்று வருந்துகின்றோம். சூதாட்ட மேசையில் பகிர்வோர் கையை விரித்துக் காட்டும்போது எவரும் அவரைக் கள்வர் என்று எண்ணுவதில்லை. அவரும் அதனை அவமதிப்பெனக் கொள்வதில்லை. தேர்தல் நாளிலே வெறுமையான வாக்குப் பெட்டியைத் திறந்து காட்டிய பின்னரே முத்திரையிடுகின்றனர். அதுபற்றி எவர் மனம் நோகின்றார்? கேட்குமுன்னரே காட்டுதல் வழக்கமாகிவிட்டால், கேட்பவர்க்கும் கூச்சமில்லை, காட்டுபவர்க்கும் குறையில்லை.

ஆதலின் எமது துணிபு இது. பணத்தைக் கையாள்பவரே கணக்கைச் சோதிப்பவராய் இருத்தலாகாது. பயன்பெறுபவரின் உறவினர் அவ்விடயம் முடிவாகும்போது தலைமைப் பீடத்தைவிட்டு எழுதல் வேண்டும். பதவி ஓரிடத்திலே தங்காது வட்டக் குறிபோல் நகர்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, பிழையைக் கண்ட இளைய உறுப்பினர் எழுந்து பேசும்போது, அவரை அதட்டி அமர்த்தாதிருக்கும் பண்பு மூத்தோர்க்கு வேண்டும். கல்லூரி எமக்குக் கணிதமும் இலக்கணமும் மாத்திரம் கற்பிக்கவில்லை. சபையிலே எழுந்து நின்று பேசவும் கற்பித்தது. யூபிலி காணும் கல்லூரியன்னைக்கு மைந்தர் செலுத்தும் காணிக்கை, தத்தம் ஊர்ச் சபைகளில் விகர்ணன் தனித்து நில்லாதவாறு துணைநிற்றலேயாகும்.