கார் கொட்டகையைப் போற்றுகிறோம். கூட்டத்தின் இலக்கணத்தை மறந்துவிடுகிறோம்

தொழில்முனைவு குறித்து நம் கல்வி வளாகங்களில் நிகழ்த்தப்படும் உரைகளில் ஒரு கார் கொட்டகை தவறாமல் இடம்பெறுகிறது. கலிபோர்னியாவில் ஒரு வீடு, இரண்டு இளைஞர்கள், ஒரு கனவு, பிறகு ஆப்பிள் நிறுவனம். இந்தக் கதைக்கும் முந்தைய இன்னொரு கார் கொட்டகை உண்டு. அங்கே எவரும் தொழில் தொடங்கவில்லை; பேசினார்கள். அந்தப் பேச்சின் ஒழுங்குமுறையே கணினி வரலாற்றுக்கு அவர்களின் முதன்மையான கொடை என்பது என் கருத்து.

1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில், கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் கொட்டகையில் முப்பது பேரளவில் கூடினர். அவருடன் இணைந்து கூட்டத்தைக் கூட்டியவர் ஃபிரெட் மூர். 1959இல் பெர்க்லி வளாகத்தில் கட்டாய இராணுவப் பயிற்சியை எதிர்த்து உண்ணாநோன்பிருந்தவர். பின்னர் ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’ எனப் பெயர்பெற்ற சங்கம் இவ்வாறு தொடங்கியது.

அவர்களை அங்கே ஈர்த்தது ஆல்டேர் 8800. பாகங்களை வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் கணினி. அடிப்படை நினைவகம் 256 பைட்டு மட்டுமே. விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது; முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித்தான் நிரலை ஏற்ற வேண்டும். தனியொருவர் கையேட்டை வைத்துக்கொண்டு இதனோடு மல்லுக்கட்டுவது எளிதன்று. ஆர்வத்தைப் போலவே இந்த இயலாமையும் அவர்களை ஒன்றுசேர்த்தது.

உறுப்பினர் பெருகியபோது கூட்டங்கள் ஸ்டான்ஃபோர்டின் நேரியல் முடுக்கி மையத்து அரங்கிற்கு இடம்பெயர்ந்தன. அவற்றை நெறிப்படுத்திய லீ ஃபெல்சென்ஸ்டைன், கூட்டத்தை இரு பகுதிகளாக அமைத்தார். முதற்பகுதியில் விரும்பியவர் எழுந்து, தன்னிடம் இருப்பது எது, தனக்கு வேண்டியது எது, தான் அறிய விரும்புவது எது என்று சுருக்கமாகச் சொல்வார். விடை அங்கேயே வரவேண்டியதில்லை. இரண்டாம் பகுதியில் அரங்கு கலைந்து, தேவையுள்ளவர் உதவக்கூடியவரைத் தேடிச் செல்வார். 1973இல் பெர்க்லியின் இசைத்தட்டுக் கடையொன்றில் பொதுமக்கள் தகவல் பரிமாறிக்கொள்ள ஒரு கணினி முனையத்தை நிறுவிய குழுவிலும் ஃபெல்சென்ஸ்டைன் இருந்தார் என்பது இங்கே கருதத்தக்கது.

மொழியியல் நோக்கில் இது ஒரு பேச்சு நிகழ்வின் இலக்கணம். ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற கூற்றுக்கு அதில் மதிப்பான ஓர் இடம் உண்டு. அது பிறருக்கு விடுக்கும் அழைப்பாகச் செயற்படுகிறது. ஸ்டீவ் வோஸ்னியாக் முதற்கூட்டத்திற்கே வந்தவர். தாம் வடிவமைத்த ஆப்பிள் 1 கணினியின் மின்சுற்று வரைபடங்களைச் சங்கத்தினருக்கு இலவசமாகவே வழங்கினார். நாம் போற்றும் நிறுவனம் இந்தப் பேச்சிலிருந்து கிளைத்த ஒன்று.

இதை இலட்சிய உலகமாக வரையவும் கூடாது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மின்னணுத் துறையோடு தொடர்புடையோர் பலர். பகிர்வுக்கு எல்லை எது என்ற பூசலும் எழுந்தது. ஆல்டேருக்கான பேசிக் மொழி நாடா கைக்குக் கை படியெடுக்கப்பட்டது. 1976 பிப்ரவரி 3 நாளிட்ட திறந்த மடலில் பில் கேட்ஸ் இதைத் திருட்டு என்றார். ஆல்டேர் வைத்திருப்போரில் பத்து விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே பேசிக்கை வாங்கியதாகக் கணக்குச் சொன்னார். உழைப்புக்கு ஊதியம் வேண்டாமா என்ற அவர் கேள்வி நியாயமானதே. சங்க உறுப்பினர் டாம் பிட்மன் தம் சிறிய பேசிக்கை ஐந்து டாலருக்கு விற்று, மலிவாக இருந்தால் மக்கள் விலைகொடுத்து வாங்குவார்கள் என்று காட்டினார். லி-சென் வாங், தாம் எழுதிய பேசிக்கின் தலைப்பில் ‘காப்பிரைட்’ என்ற சொல்லைப் புரட்டிக் ‘காப்பிலெஃப்ட்’ என்று பொறித்தார். ஒரே சிக்கலுக்கு மூன்று விடைகள். அவற்றின் மீதான விவாதம் இன்றும் ஓயவில்லை.

சங்கம் 1986இல் முடிவுற்றது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது கொட்டகையை மட்டும்தான். நம் நிறுவனங்கள் தொழில் வளர்ப்பு மையங்களுக்குக் கட்டடம் எழுப்புகின்றன. அதே வளாகத்துக் கருத்தரங்கிலோ கேள்வி நேரம் பதவி வரிசையில் நகர்கிறது: முதலில் மூத்த பேராசிரியரின் நீண்ட கருத்துரை, பின்னர் அடுத்தவர், இறுதியில் ‘மாணவர்கள் யாராவது? ஒரே ஒரு கேள்வி’. ஆய்வில் முட்டிநிற்கும் ஒருவர் அதைச் சொல்வதற்கு அங்கே இடமில்லை. சொன்னால் அது ஆய்வின் குறையாகக் குறித்துக்கொள்ளப்படும் என்ற அச்சம் வேறு.

ஆகவே ஆய்வு மாணவர்களிடமும் துறைத்தலைவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாதாந்திரக் கருத்தரங்கின் முதல் இருபது நிமிடங்களை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் அரை நிமிடம் எழுந்து, தம்மிடம் உள்ள தரவையோ கருவியையோ, தமக்குப் பிடிபடாத ஒன்றையோ சொல்லட்டும். பேராசிரியர்களும் சொல்லட்டும், அவர்களே முதலில் சொன்னால் இன்னும் நன்று. பின்னர் தேநீர் இடைவேளையைச் சற்று நீட்டித்தால் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.