கண்ணாடியில் ஐந்து எங்கே?

தொடுதிரையுள்ள விடுதி அறைத் தொலைபேசி என்னவெல்லாம் செய்யும் என்பதை விளம்பரக் கையேடுகள் நன்றாகவே விளக்குகின்றன. விளக்கை மங்கச் செய்யும். திரைச்சீலையை இழுத்து மூடும். குளிரூட்டியின் அளவைக் கூட்டும், குறைக்கும். உணவுப் பட்டியலைப் படங்களோடு காட்டும். காலை ஐந்தரைக்கு எழுப்பும். விருந்தினர் பதிவு செய்த கணமே அவர் பெயரைத் திரையில் எழுதி வரவேற்கும். இவற்றில் எதையும் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பொத்தான்களை முற்றிலும் நீக்கிய, வாய்திறந்து பேசாத அத்தகைய கருவியைக் கொண்டு பார்வையற்ற ஒருவர் வரவேற்பு மேசையைக்கூட அழைக்க முடியாது. தொலைபேசியின் முதல் வேலை அழைப்பது. அதைச் சிலருக்கு மறுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்யும் பொருளை நாம் முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்கிறோம். இப்பதிவு அதைப் பற்றியது. சற்று நீளம்; நண்பர்கள் பொறுத்தருள்க.

எழுதத் தூண்டியது பெஹாலா. கொல்கத்தாவின் தென்மேற்கிலுள்ள இப்பகுதியை, ஜோகாவின் இந்திய மேலாண்மைக் கழகத்துக்குக் கருத்தரங்கிற்கு வரும் நம்மவர் பலரும் டயமண்ட் ஹார்பர் சாலை வழியே கடந்திருப்பார்கள். 2022 டிசம்பர் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ஜோகா–தாராதலா மெட்ரோவும் அச்சாலையை ஒட்டியே ஓடுகிறது. பெஹாலா என்றதும் சௌரவ் கங்குலியின் வீட்டை நினைப்பவர்கள் மிகுதி. அந்தச் சாலையில் ‘பிளைண்ட் ஸ்கூல்’ என்றே ஒரு பேருந்து நிறுத்தம் இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. 1897-இல் லால் பிகாரி ஷா தொடங்கி, பின்னர் பெஹாலாவுக்கு இடம்பெயர்ந்த கல்கத்தா பார்வையற்றோர் பள்ளி தந்த பெயர் அது. வங்க எழுத்துகளுக்கெனப் புடைப்புள்ளி முறை ஒன்றை ஷாவே வகுத்தார். தமிழ்நாட்டில் ஏறத்தாழ அதே காலத்தில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். வட்டாரத்துக்கு ஒரு முறை என்றிருந்த குழப்பம் 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை வந்த பின்பே தணிந்தது. இரண்டு தலைமுறைகளின் உழைப்பு அது. கண்ணுக்கு மட்டும் உரியதாயிருந்த எழுத்தை விரலுக்கும் உரியதாக்கிய உழைப்பு. விடுதி அறையில் இன்று நடப்பது அதற்கு நேர் எதிரான பயணம்: விரலுக்கு உரியதாயிருந்த ஒன்று கண்ணுக்கு மட்டும் என்று ஆகிறது.

உண்மையில், தொலைபேசியைப் போலப் பார்வையற்றோர்க்கு இணக்கமாக அமைந்த பொதுக்கருவி வேறொன்று இருந்ததா என்பது ஐயமே. அது குரலால் ஆன கருவி. சுழல்வட்டு இருந்த காலத்தில் துளைகளை விரலால் எண்ணிச் சுழற்றினார்கள். 1963-இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. எண்களை வட்டமாக வைப்பதா, இரு வரிசையாக வைப்பதா, மூன்றுக்கு மூன்றாக வைப்பதா என்று பெல் ஆய்வகத்தார் பல அமைப்புகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த பின்பே, நாம் இன்றும் பயன்படுத்தும் அடுக்கைத் தேர்ந்தார்கள். பின்னாளில் ஐந்தின் மீது ஒரு சிறு புடைப்பு வந்தது. பார்வையுள்ளோர் பலர் வாழ்நாள் முழுதும் அதைத் தொட்டும் அறியாமல் இருந்திருப்பார்கள். அந்த ஒரு புள்ளி கிடைத்தால் மேலே இரண்டு, கீழே எட்டு, இடப்புறம் நான்கு, வலப்புறம் ஆறு என்று பலகை முழுதும் விரலுக்குள் வந்துவிடும். அழுத்தினால் இரு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். ஐந்துக்கு 770, 1336 ஹெர்ட்ஸ். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓசை வேறு என்பதால், தவறிப் பதிந்ததைப் பழகிய காது உடனே பிடித்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். நம் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் மையத் தொலைபேசிப் பலகையை இயக்கும் பணி பார்வையற்றோர் பலருக்கு வாழ்வளித்த பணி. அதற்கெனத் தனிப் பயிற்சி வகுப்புகளே இருந்தன. எத்தனையோ அலுவலகங்களில் ‘யாரிடம் பேச வேண்டும்?’ என்று கேட்ட குரல் பார்வையற்ற ஒருவருடையது. ஓர் அலுவலகத்தின் இணைப்புகள் அனைத்தையும் கையாண்டவரால் ஒரு விடுதி அறையின் தொலைபேசியைக் கையாள முடியாது என்றால், குறை அவரிடம் இல்லை.

இனிக் கருவியின் உட்புறம். பழைய அறைத் தொலைபேசி இரண்டு செப்புக் கம்பிகளால் விடுதியின் இ.பி.ஏ.பி.எக்ஸ். இணைப்பகத்தோடு பிணைந்திருந்தது. பேசுவதற்கான மின்சாரமும், ஏறத்தாழ 48 வோல்ட், அக்கம்பிகள் வழியே வந்தது. அறையில் மின்சாரம் போனாலும் இணைப்பகத்தின் மின்கலம் உயிரோடிருக்கும் வரை தொலைபேசி பேசும். தொடுதிரைக் கருவியோ சிறிய கணினி. ஈதர்நெட் கம்பியில் இணைகிறது, பெரும்பாலும் அதே கம்பியிலிருந்து மின்சாரமும் பெறுகிறது, எஸ்.ஐ.பி. நெறிமுறைப்படி குரலைப் பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. விடுதியின் மேலாண்மை மென்பொருளோடு உரையாடி விருந்தினரின் பெயரையும் மொழியையும் கணக்கையும் அறிகிறது. அந்தத் தளத்தின் வலையமைப்புப் பெட்டிக்கு மாற்று மின்சாரம் இல்லையென்றால் தளம் முழுதும் ஒரே நேரத்தில் ஊமையாகும். 2020 மே 20 அன்று அம்பன் புயல் கரையைக் கடந்த பின், பெஹாலா உட்படக் கொல்கத்தாவின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். புதிய இணைப்பு முறையே தவறு என்று வாதிடவில்லை. முன்பு கம்பியின் இயல்பாகவே கிடைத்த ஒரு பாதுகாப்பு, இப்போது யாரேனும் நினைவில் வைத்துப் பணம் செலவிட்டு வாங்க வேண்டிய ஒன்றாகிவிட்டது என்பதே செய்தி.

திரைக்கு வருவோம். விரலின் மின்னேற்பை உணர்ந்து செயல்படும் கண்ணாடி அது. பொத்தான் பலகையில் தேடுவது ஒரு செயல், அழுத்துவது மற்றொரு செயல். விரல் ஊர்ந்து சென்று ஐந்தைக் கண்டுபிடித்து, நின்று, உறுதி செய்துகொண்டு, பிறகு அழுத்தும். கண்ணாடியில் தேடுவதே அழுத்துவதாகிவிடுகிறது. வரவேற்பு மேசையைத் தேடும் விரல் திரைச்சீலையைத் திறந்துவிடும். இரண்டு முட்டை ஆம்லெட்டுக்கும் ஆணை கொடுத்துவிடும். (பணம் கணக்கில் தானாகவே ஏறும், அந்த இணைப்பு மட்டும் ஒருபோதும் தவறுவதில்லை.)

கண்ணாடியின் இயல்பே அப்படி என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது. 2007-இல் வந்த முதல் ஐபோனில் திரைவாசிப்பான் இல்லை. 2009-இல் வாய்ஸ்ஓவர் ஐபோனுக்கு வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் டாக்பேக் வந்தது. விரலை இழுத்தால் கீழே இருப்பதைப் படித்துக் காட்டும், இருமுறை தட்டினால் மட்டுமே செயல்படும் என்னும் எளிய ஏற்பாட்டால், தேடுவதையும் அழுத்துவதையும் மென்பொருள் மறுபடி பிரித்துக் கொடுத்தது. இன்று நம் பார்வையற்ற மாணவர்கள் கைபேசியில் தமிழைக் கேட்டே படிக்கிறார்கள். விடுதித் தொலைபேசிகளிலும் ஆண்ட்ராய்டு இயங்குவது உண்டு. ஆனால் விருந்தினர் எதையும் மாற்றிவிடக் கூடாது என்று ஒரே செயலிக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்தப் பூட்டுக்குள் திரைவாசிப்பானும் சிக்கிக்கொள்கிறது. உள்ளே உறங்கும் வசதியை எழுப்ப வழியில்லாமல் செய்வது தொழில்நுட்பத்தின் எல்லை ஆகாது. அது கருவியை அமைத்தவரின் முடிவு.

‘அதுதான் எல்லோரிடமும் கைபேசி இருக்கிறதே’ என்பது எப்போதும் வரும் மறுமொழி. அப்படியானால் அறையில் தொலைபேசி எதற்கு? வெளியூர் அழைப்புக்கு இன்று யாரும் அதைத் தொடுவதில்லை. அது மிஞ்சியிருப்பது உள்ளழைப்புக்கும் ஆபத்துக்கும்தான். உள்ளழைப்பில் ஒரு சிறப்பு உண்டு: பேச முடியாமல் போனாலும் எந்த அறையிலிருந்து அழைப்பு வருகிறது என்பதை வரவேற்பு மேசை அறியும். கைபேசியில் 112-ஐ அழைப்பவர் விடுதியின் பெயர், தெரு, தளம், அறை எண் அனைத்தையும் சொல்ல வேண்டும். தெரியாத ஊரில், மூச்சுத் திணறலுக்கு நடுவில்.

அறைத் தொலைபேசியில் ஓர் எண் கூடுதலாகத் தேவைப்பட்டதே ஓர் உயிர் போகும் நேரத்தில் தடையானதற்குச் சான்று உண்டு. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு விடுதி அறையில் தாக்கப்பட்ட தாயைக் காக்க ஒன்பது வயது மகள் 911-ஐ மீண்டும் மீண்டும் அழைத்தாள். வெளியிணைப்புக்கு முதலில் ஒன்பதை அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அழைப்பு போகவில்லை, தாய் இறந்தார். அவர் பெயரால் அமைந்த கேரி சட்டம், 2020 பிப்ரவரி 16 முதல், புதிதாக நிறுவப்படும் பல்லிணைப்புத் தொலைபேசி அமைப்புகள் முன்னெண் ஏதுமின்றி 911-ஐ இணைக்க வேண்டும் என்கிறது. ஓர் எண் கூடியதற்கே ஒரு நாடு சட்டம் இயற்றியது. பன்னிரண்டு விசைகளும் மறைந்துபோவதை நாம் அழகியல் மேம்பாடாக ஏற்றுக்கொள்கிறோம்.

கொல்கத்தாவையே எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 29 இரவு மெச்சுவா பகுதியிலிருந்த விடுதியில் பிடித்த தீயில் 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். கரூரிலிருந்து சென்ற குழந்தைகளும் அவர்களில் உண்டு. நல்ல தொலைபேசி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே தவறியவை வேறு, பெரியவை. ஆனால் அத்தகைய இரவு ஒன்றை நினைத்துப் பார்க்காமல் விடுதி அறைக்கான எந்தக் கருவியையும் வடிவமைக்கக் கூடாது. புகை நிறைந்த அறையில் பார்வையுள்ளவர், பார்வையற்றவர் என்னும் வேறுபாடு கிடையாது. எல்லோருக்கும் விரல்தான் கண்.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் எழுத வேண்டும். செவித்திறன் இல்லாத விருந்தினருக்குத் தொடுதிரை பெரும் விடுதலை. பழைய தொலைபேசி அவருக்கு அறையிலிருந்த வெறும் மேசைப்பொருள். இப்போது அவர் திரையைத் தொட்டுத் துண்டு கேட்கலாம், உணவு கேட்கலாம், உதவி கேட்கலாம். ஆங்கிலம் பேசத் தயங்குவோருக்கும் படங்கள் உதவும். எனவே திரையைக் கழற்றி எறியுங்கள் என்பது என் கட்சி அன்று. திரை இருக்கட்டும், அதன் பக்கத்தில் ஐந்தில் புடைப்புள்ள பன்னிரண்டு விசைகளும், வரவேற்பு மேசைக்கென விரலுக்குத் தட்டுப்படும் தனி விசை ஒன்றும் இருக்கட்டும். பூட்டப்பட்ட செயலிக்குள் திரைவாசிப்பானுக்கு ஒரு வாசல் விடட்டும். விசைகளும் திரையும் சேர்ந்த கருவிகள் சந்தையில் இல்லாமல் இல்லை. வாங்குபவர் கேட்பதில்லை, அவ்வளவே.

கேட்க வைக்கும் ஆற்றல் சட்டத்துக்கு உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2009-இல் ரிசர்வ் வங்கி, புதிய ஏ.டி.எம்.களில் மூன்றில் ஒரு பங்கேனும் பிரெயில் விசைப்பலகையோடு பேசும் எந்திரமாக இருக்க வேண்டும் என்றது. 2014 ஜூலை முதல் நிறுவுபவை அனைத்தும் அவ்வாறு இருக்க வேண்டும் என்றது. நடைமுறையில் குறைகள் ஏராளம், ஆயினும் ஏ.டி.எம். விசைகளில் இன்றும் அந்தப் புடைப்பு இருக்கிறது. நம் வாக்கு எந்திரத்திலும் பொத்தானை ஒட்டிப் பிரெயில் எண் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் வங்கி ‘ஆல்பர்ட்’ என்னும் தொடுதிரைப் பணம்செலுத்தும் கருவியைக் கடைகளுக்குக் கொடுத்தபோது, பார்வையற்றோர் தம் ரகசிய எண்ணைத் தாமே இட முடியாமல் போனது. வழக்குத் தொடுத்தார்கள், 2019-இல் வங்கி உடன்பாட்டுக்கு வந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தெளிவாகவே பேசுகிறது. அதன் 43-ஆம் பிரிவு எல்லோர்க்குமான வடிவமைப்புள்ள நுகர்பொருள்களை வளர்க்கும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. 46-ஆம் பிரிவு தனியார் சேவையாளர்களையும் அணுகல் விதிகளுக்குள் கொண்டுவருகிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகள் வெறும் பரிந்துரையாக நிற்பது சட்டத்துக்கு முரண் என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்கப் பணித்தது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில் எண்ணிம அணுகலை வாழ்வுரிமையின் பகுதியாகவே கண்டது. விடுதிகளோ இன்னும் ‘மாற்றுத்திறனாளிகளுக்கான ஓர் அறை’ என்ற கணக்கில் நிற்கின்றன. அகன்ற கதவு, குளியலறைக் கைப்பிடி ஆகியவற்றோடு அந்தக் கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பார்வையற்ற விருந்தினருக்கு அகன்ற கதவு தேவையில்லை. அவருக்கு எந்த அறையும் போதும், அதில் உள்ள பொருள்கள் விரலுக்குப் பதில் சொன்னால்.

இதை விடுதிக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நம் தமிழ்த் துறைகளில் பார்வையற்ற ஆய்வாளர்களும் உதவிப் பேராசிரியர்களும் குறைவல்லர். அவர்களை நாம் கருத்தரங்குகளுக்கு அழைக்கிறோம். விளிம்புநிலை பற்றிய அமர்வுகளுக்குத் தலைமையேற்கவும் வேண்டுகிறோம். இரவு பத்து மணிக்கு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்த பின், தண்ணீர் வேண்டுமென்றால் அவர் யாரை, எதனால் அழைப்பார் என்பதை நாம் பார்ப்பதில்லை. ‘துணைக்கு ஒரு மாணவரை அனுப்பிவிடலாம்’ என்பதே வழக்கமான தீர்வு. பத்துக் காசு அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் புடைப்பு செய்திருக்கும் வேலைக்கு ஒரு முழு மனிதரைத் துணைக்குக் கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளுகிறோம். தனியே இருக்க விரும்பும் உரிமை அவருக்கும் உண்டு.

வரும் பருவத்துக் கருத்தரங்குகளுக்கு அறை பதிவு செய்யும் நண்பர்கள் விடுதிக்கு அனுப்பும் மடலில் இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்: அறைத் தொலைபேசியில் அழுத்தும் விசைகள் உண்டா? ஐந்தில் புடைப்பு உண்டா? மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் இயங்கும்? புதிதாகக் கட்டப்படும் பல்கலைக்கழக விருந்தினர் இல்லங்களின் கொள்முதல் குழுவில் இருப்பவர்கள் இவற்றை ஒப்பந்தப்புள்ளி விவரத்திலேயே எழுதிவிடலாம். உங்கள் வளாக விருந்தினர் இல்லத்தில் எந்த வகைத் தொலைபேசி இருக்கிறது என்பதைப் பின்னூட்டத்தில் தெரிவித்தால் ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறேன்.