பத்து மாதத்தில் நடந்தால் பரிசா?

"உங்க பேரன் இன்னும் நடக்கலையா? எங்க வீட்டுல பத்து மாசத்துலயே ஓட ஆரம்பிச்சுட்டான்!"

கல்யாண மண்டபத்திலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ இதைக் கேட்காத இளம் தாய் இருக்க மாட்டாள். அன்றிரவே ஒரு வாக்கர் ஆர்டர் ஆகிவிடும். முந்தி நடக்கிற குழந்தை கெட்டிக்காரக் குழந்தை, பழக்கினால் எந்தக் குழந்தையும் முந்தும் என்ற இரண்டு நம்பிக்கைகள் இதற்குப் பின்னால் இருக்கின்றன. இரண்டுமே நிற்காது.

முதலில் மாதக் கணக்கு. இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. குழந்தை பிடியில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலும் இருக்கலாம், 17.6 மாதத்திலும் இருக்கலாம், இரண்டும் இயல்பே. நடுவில் ஒன்பது மாதத்துக்கும் மேல் இடைவெளி, ஏறக்குறைய ஒரு கர்ப்ப காலம்! இதில் பத்தாம் மாதக்காரனுக்கு என்ன பெருமை, பதினைந்தாம் மாதக்காரனுக்கு என்ன குறை? சூரிச் நகரில் குழந்தைகளைப் பள்ளிப் பருவம் வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். இயல்பான எல்லைக்குள் முந்தி நடந்ததற்கும் பிற்கால அறிவுத்திறனுக்கும் தொடர்பு தெரியவில்லை.

வயது ஆளுக்கு ஆள் மாறும்; வரிசை பெரிதாக மாறாது. முதலில் தலை நிற்கும், பிறகு முதுகு, பிறகு இடுப்பு, கடைசியில்தான் கால். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதம் என்று வகுப்பதுண்டு. அந்த ஐந்து நாட்டுக் குழந்தைகள் நடந்த சராசரி வயதும் சுமார் 12 மாதம்தான். "தவழாம நடந்தா மூளை வளராது" என்று பயமுறுத்துகிறவர்களுக்கும் ஒரு தகவல்: அதே ஆய்வில் சுமார் 4 விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை.

சரி, பழக்கினால் முந்தாதா? 1929இல் அமெரிக்க உளவியலாளர் ஆர்னால்டு கெசலும் ஹெலன் தாம்சனும் ஓர் இரட்டையர் சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழந்தைக்கு 46ஆம் வாரத்திலிருந்து ஆறு வாரம் தினமும் படியேறும் பயிற்சி. மற்றதைச் சும்மா விட்டுவைத்தார்கள். அது 53ஆம் வாரத்தில் தானே படியேறியது. பிறகு இரண்டே வாரப் பயிற்சியில், முன்பே பழகிய குழந்தையைப் பிடித்துவிட்டது. இரண்டே குழந்தைகளை வைத்து உலகத்தை அளக்க முடியாது, உண்மைதான். பயிற்சியே வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்குகிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் சில வாரம் முந்தவும் செய்கின்றன. ஆனால் முந்துவது பழக்கிய வித்தையில் மட்டும்தான்.

இப்போது வாக்கர். அது பழக்குவதே இல்லை. குழந்தை உட்கார்ந்த நிலையில் கால்விரலால் தரையை உந்துகிறது. உடலைத் தாங்கும் வேலை துணி இருக்கைக்குப் போய்விடுகிறது. வாக்கரில் வளர்ந்த குழந்தைகள் தாமதமாகவே நடந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் பழைய மர நடைவண்டி இதோடு சேர்த்தி இல்லை. அதில் குழந்தை தன் காலில் தானே எழுந்து நின்றால்தான் வண்டி நகரும். தச்சருக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரியவில்லை.

நடை முடிந்ததும் போட்டி பென்சிலுக்கு மாறுகிறது. மூன்று வயதில் நாலு வரி நோட்டில் எழுதினால்தான் நல்ல பள்ளியாம்! கையிலும் வளர்ச்சிக்கு ஒரு திசை உண்டு: தோள், முழங்கை, மணிக்கட்டு, பிறகே விரல். மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான். கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரியவே எட்டு வயதுக்கு மேல் ஆகலாம். மூன்று வயதுக் குழந்தை முழுக்கையையும் வீசிச் சுவரில் கிறுக்குவது குறும்பில்லை, அந்த வயதின் எழுத்து அது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதுப் பிள்ளையை மணலில் விரலால் பெரிதாக எழுத வைத்தார்கள். இன்று இரண்டரை வயதிலேயே பிரீ-கேஜி.

இதையெல்லாம் படித்துவிட்டு "தானா சரியாயிடும், அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று சாய்ந்துகொள்ளவும் வேண்டாம். அதுவும் அதே அளவு ஆபத்தான பேச்சு. சத்தத்துக்குத் திரும்பாத குழந்தையையும், பேசிய பேச்சையோ நடந்த நடையையோ இழக்கிற குழந்தையையும், 18 மாதம் முடிந்தும் நடக்காத குழந்தையையும் உடனே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

மற்றபடி குழந்தையைத் தரையில் விடுங்கள். வாக்கரை இன்னொரு வீட்டுக்குத் தானமாகக் கொடுக்காமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.