நண்பனின் செவி

நம் இல்லங்கள் பலவற்றில் இன்று கித்தார் ஒன்று சுவரில் தொங்குகிறது. ஞாயிறு திருப்பலியில் பாடற்குழுவோடு அதனை மீட்டும் இளைஞர்களை நாம் பல பங்குகளில் காண்கிறோம். ஐந்தாறு இசைக்கூட்டுகளைக் கற்று, பாடலுக்குத் துணையாக மீட்டுவதோடு அவருள் பலர் நின்றுவிடுகின்றனர். அதுவும் நற்பணியே. ஆயினும் அதே ஆறு நரம்புகளில் பாடலையும் துணையிசையையும் ஒருவரே ஒருங்கே எழுப்பும் மரபு ஒன்று உண்டு. அதனைச் செவ்வியல் கித்தார் என்பர். அம்மரபில் பயில்வோர் நாள்தோறும் கையாளும் பயிற்சிப் பாடல்களைப் பற்றியும், அவற்றைத் தோழரோடு பகிர்ந்து பயில்வதன் பயனைப் பற்றியும் இத்திங்கள் சிந்திப்போம்.

பயிற்சிப் பாடல் என்பது வெறும் விரல் அசைவு அன்று. கைக்குக் கடினமான ஒன்றை எடுத்து, அதனை அழகிய சிறு பாடலொன்றில் பொதிந்து தருவதே அது. பெருவிரல் தடித்த நரம்பில் அடிச்சுரத்தை எழுப்ப வேண்டும். மற்ற விரல்கள் மெல்லிய நரம்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட வேண்டும். இவற்றிடையே பாடலின் சுரம் மட்டும் தனித்து ஒலிக்க வேண்டும். இத்தாலியரான மவுரோ ஜூலியானி தம் முதற் படைப்பிலேயே வலக்கைக்கென 120 பயிற்சிகளைத் தந்தார். அந்நாட்டவரான மத்தேயோ கார்காஸி அறுபதாம் படைப்பாக வெளியிட்ட 25 பாடல்களை இன்றும் உலகெங்கும் மாணவர் பயில்கின்றனர்.

இத்துறையில் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் ஃபெர்னாந்தோ சோர். 1778-ல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் பிறந்தவர். மொன்செராத் அன்னை திருத்தலத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் நடத்திய பாடற்பள்ளியில் சிறுவனாக இசை பயின்றார். பல குரல்கள் இணைந்து செல்லும் ஆலய இசையின் சாயலை அவருடைய கித்தார் பாடல்களில் இன்றும் நாம் கேட்கலாம். நெப்போலியன் காலப் போரில் பிரெஞ்சு ஆட்சிக்குத் துணைநின்ற காரணத்தால் 1813-ல் தாயகம் நீங்கினார். இலண்டன், மாஸ்கோ, பாரிஸ் என்று வாழ்ந்தாரேயன்றி மீண்டும் தம் நாட்டைக் காணவில்லை.

அவர் எழுதிய பயிற்சிப் பாடல்கள் ஆறு தொகுதிகளாக வெளிவந்தன, எண்ணிக்கை 121. முதலில் வந்த 12 பாடல்கள் தேர்ந்த கலைஞரையே திணற வைப்பவை. ஆனால் இறுதியாக வந்த அறுபதாம் படைப்போ, நேற்றுக் கித்தாரைக் கையில் எடுத்தவருக்கும் உரியது. புகழ் வளர வளர அவர் படிப்படியாக இறங்கி வந்து, தொடக்க மாணவரின் பக்கத்தில் அமர்ந்தார். ஆசிரியப் பணியின் உயர்வு இதுவன்றோ!

சோருக்குப் பாரிஸில் ஓர் உற்ற தோழர் இருந்தார். அவர் 1784-ல் மாட்ரிட் நகரில் பிறந்த தியோனிசியோ அகுவாதோ. அவரும் பெரும் கலைஞர். அவரும் பயிற்சி நூல் எழுதியவர். ஒரே துறை, ஒரே நகர், ஒரே வகை மாணவர். பொறாமைக்கு இதைவிட நல்ல நிலம் வேண்டுமா? போதாக்குறைக்கு, இருவரிடையே பெருங்கருத்து வேற்றுமை ஒன்றும் இருந்தது. சோர் விரல்நுனிச் சதையால் நரம்பைத் தொடுபவர்; அகுவாதோ நகத்தால் மீட்டுபவர். நகத்தால் எழும் ஒலியைச் சோரின் செவி பொறுப்பதில்லை.

சோர் இதனை மறைத்துப் பேசவில்லை. 1830-ல் வெளியிட்ட தம் பயிற்சி நூலில் நக ஒலியை வன்மையாகக் கண்டித்தார். ஆனால் அதே இடத்தில், நகத்தால் வாசித்தும் சிறந்து விளங்குபவரெனத் தம் நண்பரை மட்டும் விலக்காக வைத்துப் போற்றினார். அகுவாதோ சினந்தாரா? இல்லை. 1843-ல் அவர் வெளியிட்ட நூலில், மற்ற விரல்களுக்கு நகமே தக்கது என்ற தம் கொள்கையை விளக்கினார். சோரின் வாசிப்பைக் கேட்டபின் பெருவிரலில் மட்டும் நகத்தைக் கைவிட்டதாகவும் வெளிப்படையாக எழுதினார். தம் நூலைப் படித்துத் தம்மைப் பின்பற்றும் மாணவர்முன், "இதை நான் என் நண்பரிடம் கற்றேன்" என்று ஒப்புக்கொள்ளும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கற்றுக்கொண்டவர் அகுவாதோ மட்டுமல்லர். கித்தாரை மடியில் அணைத்தால் அதன் அதிர்வு குன்றுகிறது என்று கருதிய அகுவாதோ, அதனைத் தாங்கி நிற்கும் முக்காலி ஒன்றை அமைத்தார். சோர் அதனை மனமாரப் பாராட்டி, அதைப் பயன்படுத்தி வாசிக்கவென்றே பாடல் ஒன்றை இயற்றினார். இருவரும் இணைந்து வாசிக்க அவர் எழுதிய பாடலின் பெயரே 'இரு நண்பர்கள்' என்பது. 1838-ல் அகுவாதோ மாட்ரிட் திரும்பினார். மறு ஆண்டு சோர் பாரிஸில் காலமானார். சதையா நகமா என்ற வழக்கு அவர்களோடு முடியவில்லை. பின்வந்தோரும் அதனைத் தொடர்ந்தனர். நட்போ அந்த வழக்கினால் குலையவில்லை.

இதனை எழுதும் நமக்கும் ஓர் அனுபவம் உண்டு. நடுவயதில் கித்தார் பயிலத் தொடங்கிய நாம், தோழர் இருவரோடு திங்களுக்கு ஒருமுறை கூடி, பயின்றதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது வழக்கம். ஒருமுறை சோரின் முப்பத்தைந்தாம் படைப்பில் 22-ஆம் பாடலை எடுத்துச் சென்றோம். ஆள்காட்டி விரலை நரம்புகள்மீது குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டிய இடங்கள் அதில் உண்டு. இரண்டு திங்கள் உழைத்திருந்தோம். வாசித்து முடித்ததும் பாராட்டை எதிர்நோக்கி நிமிர்ந்தோம்.

மூவரில் இளையவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தவறாக எண்ணாதீர்கள் அண்ணா. எளிய இடத்தில் ஓடுகிறீர்கள். கடினமான இடத்தில் நின்றுவிடுகிறீர்கள். பெருவிரலின் ஓசையில் பாட்டே கேட்கவில்லை."

நாம் சிரித்து மழுப்பினோம், உள்ளமோ கொதித்தது. நேற்றுப் பிறந்தவன் நமக்குச் சொல்வதா? அடுத்த கூட்டத்திற்கு வேலை இருப்பதாகச் சொல்லிப் போகாமலும் இருந்துவிட்டோம். அது பொய் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். பின்னர் ஒருநாள் இரவு, அவர் கூற்றைப் பொய்ப்பிக்கவே நம் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டோம். ஒவ்வொரு சொல்லும் உண்மை! விரல்கள் உழைக்கும்போது செவி உறங்கிவிடுகிறது; நாம் கேட்பது நம் எண்ணத்தில் உள்ள பாடலையேயன்றி, நரம்பில் எழும் பாடலை அன்று. ஆகவேதான் நண்பனின் செவி நமக்குத் தேவைப்படுகிறது. மறுநாளே அவரை அழைத்து நன்றி கூறினோம். அவரோ, தாம் பேசியதற்காக அத்தனை நாளும் வருந்தியிருந்தாராம்!

அதன்பின் நாம் கைக்கொண்ட முறையைச் சொல்கிறோம். பாடல் முழுவதையும் தினமும் ஓட்டிப் பார்ப்பதை விட்டோம். இடறும் ஓர் அடியை மட்டும் எடுத்து, தவறின்றி வாசிக்கக்கூடிய மெதுவான வேகத்தில், மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியின் துணையோடு பயின்றோம். அது படிந்த பின்னரே அதற்கு முன்னும் பின்னும் உள்ள அடிகளைச் சேர்த்தோம். அடிச்சுரங்களை விட்டுப் பாடலின் சுரங்களை மட்டும் தனியே வாசித்து, செவியில் பதித்துக்கொண்டோம். நாளும் அரைமணி போதும். ஆனால் நாள் தவறலாகாது. வாரத்திற்கு ஒருமுறை பதிவு செய்து தேதியிட்டு வைத்தால், நேற்றுக்கும் இன்றைக்கும் தெரியாத வளர்ச்சி மூன்று திங்களில் தெளிவாகத் தெரியும்.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. முதலில் நன்றாய் அமைந்ததைச் சொல்லுங்கள். பின்னர் ஒரே ஒரு குறையைச் சொல்லுங்கள். பத்துக் குறைகளை ஒருங்கே கேட்பவர் ஒன்றையும் திருத்த மாட்டார். வாசிப்பவரோ உடனே மறுமொழி கூறாமல், ஓர் இரவு பொறுப்பது நலம்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ உள்ளறையில் ஒரே அடியை இருபது முறை வாசிக்கும்போது, "வேறு பாட்டே இல்லையா?" என்று கடியாதீர்கள். பிள்ளை முன்னேறுவது அந்த இருபதில்தான். மாலையில் ஐந்து நிமிடம் அருகில் அமர்ந்து, அந்த அடியைக் கேளுங்கள். இசை அறியாதவராயினும் கேட்கும் செவி உங்களிடம் உண்டு. கேட்பார் இருக்கும் வீட்டில் கித்தார் நெடுநாள் சுவரில் தொங்காது.