பறக்கும் ரயில் வந்தது, கால்வாய் சுருங்கியது: சென்னையின் 'நெட் ஜீரோ' கணக்கில் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு?

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் நின்று எப்பவாவது கீழே எட்டிப் பார்த்திருக்கீங்களா? கறுப்பா, அசையாம ஒரு தண்ணி தெரியும். மேலே பிளாஸ்டிக் மிதக்கும். அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். அந்தக் கால்வாய்க்குள் கால் ஊன்றி நிற்கிற தூண்கள்தான் ரயிலையும் உங்களையும் தூக்கிப் பிடித்திருக்கின்றன.

அபிராமபுரத்தில் இருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தெற்கே போனால் அடையாறு. நடுவில் இருக்கிற நமக்கு மழை வந்தால் கண் இந்த இரண்டின் மேல்தான் இருக்கும்.

2050-க்குள் 'நெட் ஜீரோ' நகரமாக மாறுவோம் என்று சென்னை அறிவித்திருக்கிறது. புகையைக் குறைக்கணும், அதே நேரம் வெள்ளம், வெயில், தண்ணீர்ப் பஞ்சம் மூன்றையும் தாங்கணும். கேட்க நல்லா இருக்கு. ஆனால் இந்த இரண்டு வேலையும் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்பதற்கு சாட்சியாக அந்தத் தூண்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கின்றன.

பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

பக்கிங்ஹாம் கால்வாயின் மற்ற பகுதிகளுக்கு வேறு கதை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற, மயிலாப்பூர், மந்தைவெளி வழியா வருகிற சுமார் 8 கி.மீ. நீளம் வெட்டப்பட்டது 1877-78-ல். பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டியது. மழை பொய்த்து, சோறில்லாமல் வந்தவர்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்குப் போனது. வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை.

அதாவது, இந்தக் கால்வாயே ஒரு வானிலைப் பேரிடரில் பிறந்தது. படகுப் போக்குவரத்து நின்ற பிறகும், மழைநீரைக் கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்குக் கொண்டுசேர்க்கிற வேலை அதற்கு இருந்தது.

1990-களில் பறக்கும் ரயில் வந்தது. 1995-ல் கடற்கரையில் இருந்து சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. நகருக்குள் நிலம் எடுப்பது கஷ்டம், செலவும் அதிகம். கால்வாய் 'சும்மா' கிடந்தது. தூண்களை அங்கேயே இறக்கினார்கள். தண்ணீர் ஓடும் வழி குறுகியது, தூணைச் சுற்றிக் குப்பையும் சேறும் சேர்ந்தது.

அன்றைக்கு யாரும் காலநிலை மாற்றத்தை நினைத்து இந்த ரயிலைப் போடவில்லை என்பதையும் சொல்லிடணும். ஆனா இன்றைய கணக்கில் அது நல்ல ரயில். காரில் போகிற ஆளை மின்சார ரயிலில் ஏற்றுகிறது. அதே ரயில்தான் வெள்ளம் வடியும் பாதையில் நிற்கிறது.

சரி, நெட் ஜீரோன்னா என்ன?

ஒரு நகரம் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களை முடிந்த மட்டும் குறைத்து, மிச்சத்தை மரம், ஈரநிலம் போன்றவை உறிஞ்சும் அளவுக்குள் கொண்டுவருவது. இந்தியா இதற்கு வைத்துள்ள இலக்கு 2070. 2021 கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி அறிவித்தது. சென்னை மாநகராட்சியின் காலநிலை செயல்திட்டம் 2023 ஜூனில் வெளியானது. அதன்படி சென்னை 20 ஆண்டு முன்னதாகவே, 2050-ல் அங்கே போய்ச் சேரணும்.

மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்ப் பற்றாக்குறையும், எளிதில் பாதிக்கப்படும் மக்கள் என்று திட்டம் ஆறு துறைகளைப் பிரிக்கிறது. கடல் மட்டம் 7 செ.மீ. உயர்ந்தால் கரையோரத்தில் 100 மீட்டர் வரை தண்ணீருக்குள் போகலாம் என்றும் எச்சரித்தது. நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் கடலுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தவர்களுக்கு இந்த 100 மீட்டரின் அர்த்தம் புரியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். நாம ஏன் குறைக்கணும்? ஒரு இந்தியர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சராசரியா சுமார் 2 டன். ஒரு அமெரிக்கர் சுமார் 14 டன். இந்தக் கேள்வியைத்தான் வளரும் நாடுகள் ஒவ்வொரு ஐ.நா. காலநிலை மாநாட்டிலும் கேட்கின்றன. கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த 2 டன் என்பது சராசரி. அபிராமபுரத்தில் மூன்று ஏசி, இரண்டு கார் இருக்கும் வீட்டுக்கும், அந்த வீட்டில் வேலை முடித்து பஸ் பிடித்துப் போகிற அக்காவின் வீட்டுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. டெல்லி அமெரிக்காவைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை, அந்த அக்கா நம்ம தெருவைப் பார்த்தும் கேட்கலாம்.

வடிகால் போட்டாச்சு, தண்ணி ஏன் போகல?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். கோடிக்கணக்கில் செலவு செய்து புது மழைநீர் வடிகால் கட்டிய பிறகும் ஊர் மூழ்கியது. 'அப்போ அந்தக் காசெல்லாம் எங்கே?' என்று அன்று சமூக வலைதளங்களில் கேட்காதவர் குறைவு.

ஊழல், தரக்குறைவு பற்றிய கேள்விகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அடிப்படை விஷயம் இதுதான்: தெருவோர வடிகால் தண்ணீரைக் காணாமல் செய்வதில்லை. வேகமாக அடுத்த இடத்துக்குக் கடத்துகிறது. நம்ம தெருத் தண்ணீர் கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போய், அங்கிருந்து முகத்துவாரம் வழியா கடலுக்குப் போகணும். சென்னை தட்டையான ஊர், சரிவு ரொம்பக் குறைவு. புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து, அலையும் எதிர்த்து அடிக்கும்போது கடல் தண்ணீரை வாங்காது. முகத்துவாரத்தில் மணல் திட்டு இருந்தால் இன்னும் மோசம். கால்வாய் நிரம்பும், வடிகால் வழியாகவே தண்ணீர் தெருவுக்குத் திரும்பி வரும். கடல் மட்டம் உயர உயர இது அடிக்கடி நடக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை மூழ்கின. அதற்கு நான்கே வருஷம் கழித்து, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது நினைவிருக்கா? ஊரையே மூழ்கடித்த தண்ணீரைத் தேக்க இடமில்லாமல், பிறகு தண்ணீரையே ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அதனால்தான் 'வேகமாக வெளியேற்று' என்பதோடு 'கொஞ்சம் தேக்கு' என்பதும் இப்போது பேசப்படுகிறது. மாநகராட்சி ஆங்காங்கே பஞ்சுப் பூங்காக்கள் அமைக்கிறது. மழை நேரத்தில் தண்ணீரை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பும் பூங்காக்கள் இவை. நமக்குப் பக்கத்திலேயே தொல்காப்பியப் பூங்கா இருக்கு. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரை மீட்டு 2011-ல் திறந்தது. 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பும் இதே கணக்குதான். உங்க அபார்ட்மென்ட் குழாய் இன்னும் கிணற்றுக்குப் போகுதா, இல்ல உடைஞ்சு தெருவுக்குப் போகுதான்னு இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பார்த்துடுங்க. எங்க குடியிருப்பில் பார்த்தோம். தெருவுக்குத்தான் போயிட்டு இருந்தது.

'மீள்திறன்' என்றால் யாரை எங்கே அனுப்புவது?

இந்த விஷயத்தில் ரொம்பக் கஷ்டமான பகுதி இது. வெள்ளம் வராமல் இருக்க நீர்நிலையோர ஆக்கிரமிப்பை அகற்றணும். எல்லாருமே சொல்வது. நீதிமன்றங்களும் சொல்கின்றன.

2022 மே மாதம், அபிராமபுரத்துக்குப் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர் இளங்கோ தெருவில் அது நடந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடிக்க இயந்திரங்கள் வந்தன. பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள் மறித்தார்கள். ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகுதான், இந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளி பகுதியிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

அதற்கு முந்தைய வழக்கம் வேறு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் எங்கே இருக்கு? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில். 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட அதே சதுப்பு நிலம். வெள்ளத்தில் இருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, இன்னொரு வெள்ளக் காட்டில் கொண்டுபோய் வைத்தோம். மயிலாப்பூரில் இருந்த வீட்டு வேலையும் மீன் வியாபாரமும் பூக்கடையும் 20 கி.மீ. பின்னால் நின்றுவிட்டன. தினமும் அந்தத் தூரத்தைப் போய் வருவதும் புகைதானே? அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கால்வாய்க்குள் இறங்கிய தூணுக்கு ஒரு நியாயம், கரையில் இருந்த குடிசைக்கு ஒரு நியாயமா என்று அந்த மக்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

பணம் யார் தருவது?

மிக்ஜாம் புயலுக்கும், அதே டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லையைப் புரட்டிப் போட்ட மழைக்கும் சேர்த்து தமிழ்நாடு ஒன்றிய அரசிடம் கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிதியில் இருந்து வந்தது சுமார் 276 கோடி. இது தவிர, சென்னை வெள்ளத் தடுப்புக்கு என 561.29 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 6,000 ரூபாயை மாநில அரசு கொடுத்தது.

பெரிய வடிகால் திட்டங்களுக்குப் பணம் எங்கிருந்து? வடசென்னை கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி. பெரும்பாலும் கடன். வட்டியோடு திருப்பிக் கட்டணும்.

உலக அளவிலும் இதே கதைதான். 2024 நவம்பரில் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டுவதாக ஒப்புக்கொண்டது 30,000 கோடி டாலர், அதுவும் 2035-க்குள். இந்தியா அந்த மேடையிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது. 2025-ல் பிரேசிலின் பெலெம் நகரில், தகவமைப்புக்கான நிதியை 2035-க்குள் மும்மடங்காக்க அழைப்பு விடுத்தார்கள். புகையைக் குறைக்கும் திட்டத்துக்கு முதலீட்டாளர் கிடைப்பார், சோலார் பூங்காவில் லாபம் உண்டு. மழைநீர் வடிகாலில் யாருக்கு லாபம்? அதனால் அந்தச் சுமை நம்ம சொத்து வரி வரைக்கும் வரும். 2022-ல் வீட்டின் அளவைப் பொறுத்து 50 முதல் 150 சதவீதம் வரை வரி உயர்ந்ததை அபிராமபுரத்து வீட்டுக்காரர்கள் மறந்திருக்க மாட்டாங்க. வாடகைக்கு இருக்கிற நாங்களும் மறக்கல, எங்களுக்கு அது வேற வழியா வந்தது.

ஏசி, மொட்டை மாடி, மின்சார பஸ்

வெயிலை 2024 அக்டோபரில் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். சென்னையின் பிரச்சினை வெறும் டிகிரி இல்லை, புழுக்கம். வியர்வை காயாது, உடல் குளிராது. அந்த நிலையில் ஏசி ஆடம்பரம் என்று யாரும் பாடம் எடுக்க முடியாது. ஆனால் ஏசி வீட்டுச் சூட்டைத் தெருவுக்குத் தள்ளுகிறது, அதற்கான மின்சாரத்தில் பெரும் பங்கு இன்னும் நிலக்கரியில் இருந்து வருகிறது. 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருந்தும் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நல்லா அடிக்கும்.

மாடியில் சோலார் போடலாம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது உபயோகத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்குக்கு அது போதும். சிக்கல் மானியத்தில் இல்லை, மொட்டை மாடி யாருடையது என்பதில்தான். துணி காயப்போடவே சண்டை வருகிற இடம் அது.

பஸ்ஸில் நல்ல செய்தி உண்டு. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையில் இருந்தும் மின்சாரப் பேருந்துகள் வந்தன. அங்கே அனுப்பப்பட்டவர்களுக்கு ஏதோ ஒன்றாவது நேராகப் போய்ச் சேர்ந்தது.

லஸ் முனையிலும் மந்தைவெளியிலும் சாலையை அடைத்துத் தூசி கிளப்பிக்கொண்டிருக்கும் மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் 63,246 கோடி ரூபாய் திட்டம். மாதவரம் – சிறுசேரி வழித்தடம் மயிலாப்பூர், மந்தைவெளி, பசுமைவழிச் சாலை வழியாகப் போகிறது. இந்த முறை ரயில் கால்வாய்க்குள் இறங்கவில்லை. அடையாற்றுக்கும் அடியில் சுரங்கம் தோண்டிப் போகிறது. செலவு பல மடங்கு, ஆனால் மேலே தண்ணீர் ஓட வழி இருக்கும்.

பழைய தூண்கள் மட்டும் பக்கிங்ஹாம் கால்வாயில் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முன்னால் மிதக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அவற்றைச் சுற்றி ஆகாயத்தாமரையும் சேறும் அள்ளுகிறார்கள்.